உங்க சம்பளம் உருண்டு தப்பிக்குமா? எல்டன் ரிங் கத்துக்கொடுக்கும் எடைக் கணக்கு

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, வருமான வரியும் இல்லை. ஒரு வீடியோ கேம். 2022 பிப்ரவரியில் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட எல்டன் ரிங். ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி இதோட மல்லுக்கட்டுறவங்களுக்கு உடனே புரியும். ஆடாதவங்களுக்கும் புரியுற மாதிரியே சொல்றேன்.

வாள், கேடயம், கவசம், மந்திரத் தாயத்துன்னு இந்த கேமில் பொருட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா நீங்க பிழைப்பீங்களா, சாவீங்களான்னு முடிவு பண்றது எவ்வளவு சேர்த்தீங்க என்பது இல்லை. எதை மாட்டியிருக்கீங்க, எதைக் கையில் வெச்சிருக்கீங்க என்பது தான். சம்பளத்துக்கும் இதே கதை தான்.

பைக்கு எடை இல்லை, உடம்புக்குத் தான்

எல்டன் ரிங்கில் பைக்குள்ள நாற்பது வாள் கிடந்தாலும் எடை ஏறாது. நீங்க அணிஞ்சிருக்கும் பொருட்களுக்கு மட்டும் தான் எடை. உங்களால் தாங்க முடிந்த அளவில் அது 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தா, எதிரி அடிக்கும்போது வேகமா, தூரமா உருண்டு தப்பிக்கலாம். 30-ல இருந்து 70 வரைக்கும் சாதாரண உருளல். 70-ஐ தாண்டினா தொப்புன்னு விழுந்து, ஆடி அசைஞ்சு எழுந்திருப்பீங்க. 100-ஐ தாண்டினா உருளவே முடியாது.

ஆரம்பத்தில் வரும் மார்கிட் என்ற எதிரியைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். தடியை ஓங்கி, ஒரு நொடி தாமதிச்சு அடிப்பான். அந்த நேரத்தில் கவசம் எவ்வளவு பளபளப்பா இருக்குன்னு யாரும் கேட்க மாட்டாங்க. உருள முடியுதா, அது தான் கேள்வி.

இப்ப உங்க மாசக் கணக்கைப் பாருங்க. உதாரணத்துக்கு, கைக்கு வரும் சம்பளம் 50,000 ரூபாய். வாடகை 14,000, பைக் இஎம்ஐ 6,000, போன் இஎம்ஐ 4,000, பர்சனல் லோன் 9,000, ஜிம்மும் ஓடிடியும் சேர்த்து 2,000. மொத்தம் 35,000. சரியா 70 சதவீதம்!

சாப்பாடு, பெட்ரோல், வீட்டுக்கு அனுப்பும் பணம் எதுவும் இதில் இன்னும் சேரலை. ஒவ்வொண்ணா பார்த்தா எல்லாமே "கட்டிடலாம்"னு தான் தோணும். ஆனா ஒரு மாசம் சம்பளம் தள்ளிப் போனா, வீட்டில் ஒருத்தரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தா, இல்லை வேலையே போயிட்டா? அடி வருது, உருள இடம் இல்லை.

70 என்பது அந்த கேமோட எல்லை. உங்க எல்லை உங்க குடும்பத்தைப் பொறுத்தது. ஆனா அந்த சதவீதம் எவ்வளவுன்னே தெரியாம இருக்கக் கூடாது.

கையில் எடுக்காத வாளுக்கும் எடை உண்டு

இன்னொரு நுணுக்கம். வலது கைக்கு மூணு, இடது கைக்கு மூணுன்னு ஆறு ஆயுதம் வரைக்கும் மாட்டி வைக்கலாம். நீங்க ஒண்ணை மட்டும் வீசினாலும், மாட்டியிருக்கும் எல்லாத்தோட எடையும் கணக்கில் ஏறும். போகாத ஜிம், பார்க்காத ஓடிடி, மாசாமாசம் தானா கழியும் ஆட்டோ டெபிட் எல்லாம் இந்த ரகம். கழட்டினா உடனே எடை குறையும்.

தாங்கும் சக்தியைக் கூட்டவும் வழி இருக்கு. எண்டூரன்ஸ் ஏத்தலாம், அது சம்பள உயர்வு மாதிரி. ஆர்சனல் சார்ம் தாயத்தை மாட்டினா 15 சதவீதம் கூடும், அது இன்சென்டிவ் மாதிரி. தாயத்தைக் கழட்டின நிமிஷமே பழைய அளவுக்கு வந்துடும். அதனால இன்சென்டிவை நம்பி இஎம்ஐ போடாதீங்க. சம்பளம் ஏறின அதே மாசம் கனமான கவசத்துக்கு மாறினா, ஏத்தினதுக்கு அர்த்தமே இல்லை.

சிதறும் ரூன், சிதறாத ரூன்

இந்த கேமில் பணத்துக்குப் பேர் ரூன். எதிரியைக் கொன்னா கிடைக்கும். செத்தா மொத்தமும் அந்த இடத்திலேயே விழும். திரும்பப் போய் எடுக்கிறதுக்குள்ள இன்னொரு தடவை செத்தா, போனது போனது தான்.

ஆனா கோல்டன் ரூன்னு ஒரு பொருள் இருக்கு. சின்னது உடைச்சா 200 ரூன், பெருசு 10,000 ரூன். உடைக்காத வரைக்கும் நீங்க எத்தனை தடவை செத்தாலும் அது பையிலேயே பத்திரமா இருக்கும். விவரமா ஆடுறவங்க அதைக் கண்ட இடத்தில் உடைக்க மாட்டாங்க. லெவல் ஏத்தவோ பொருள் வாங்கவோ எவ்வளவு குறையுதோ, அந்த இடத்தில் நின்னு அவ்வளவு மட்டும் உடைப்பாங்க.

யூபிஐ இணைஞ்ச சம்பளக் கணக்கில் கிடக்கும் பணம் சிதறும் ரூன். 15-ம் தேதிக்குள்ள எங்க போச்சுன்னே தெரியாது. ஆர்டி, எஃப்டி, லிக்விட் ஃபண்டில் இருப்பது கோல்டன் ரூன். சம்பளம் வந்த அன்னிக்கே ஒரு பங்கை அங்க மாத்திடுங்க. எஃப்டியை ஒரே தொகையா போடாம, சின்னச் சின்னதா நாலா பிரிச்சுப் போட்டா, அவசரத்துக்கு ஒண்ணை மட்டும் உடைக்கலாம். மத்த மூணோட வட்டி கெடாது.

12 கல்லை என்ன பண்ணுவீங்க?

ஆயுதத்தை வலுவாக்க ஸ்மிதிங் கல் வேணும். சாதாரண ஆயுதத்துக்கு முதல் நிலைக்கு 2, அடுத்ததுக்கு 4, அதுக்கு அடுத்ததுக்கு 6. கையில் 12 கல் இருந்தா ஒரே வாளை மூணாம் நிலைக்குக் கொண்டு போகலாம். இல்லைன்னா ஆறு ஆயுதத்தை ஆளுக்கு ஒரு நிலை ஏத்தலாம். ரெண்டாவது வழியில் ஆறும் அரைகுறை. போட்ட கல்லும் திரும்ப வராது.

இதை எஸ்ஐபிக்கு அப்படியே பொருத்தாதீங்க, முதலீட்டைப் பிரிச்சு வைக்க நியாயமான காரணம் உண்டு. இது பொருந்துவது கடனுக்கு. எல்லாக் கடனுக்கும் கட்ட வேண்டியதைக் கட்டின பிறகு 6,000 ரூபாய் மிஞ்சுதுன்னு வைங்க. மூணு கடனுக்கு 2,000, 2,000-ன்னு பிரிக்காம, வட்டி அதிகமானதில் மொத்தமா இறக்குங்க. பெரும்பாலும் அது கிரெடிட் கார்டு பாக்கியா தான் இருக்கும். மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி போடும் கார்டு எல்லாம் உண்டு. அது முடிஞ்சதும் அந்தப் பணத்தை அடுத்த கடனுக்குத் திருப்புங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு தாள் எடுங்க. ஒவ்வொரு மாசமும் கட்டியே ஆக வேண்டியதை மட்டும் எழுதிக் கூட்டுங்க. சம்பளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்க. அது தான் உங்க எடை. மேலே சொன்ன உதாரணத்தில் போன் இஎம்ஐ முடிஞ்சதும் 70 சதவீதம் 62 ஆகிடும். அப்போ புது போன் விளம்பரம் கண்ணில் படும். அந்த 4,000-ஐ மறுபடி மாட்டப் போறீங்களா, உருள இடமா விடப் போறீங்களா?

உங்க எடை எத்தனை சதவீதம்னு கமெண்ட்ல சொல்லுங்க, சம்பளம் எவ்வளவுன்னு சொல்ல வேண்டாம். இதே கணக்கை அட்டவணை போட்டு விளக்கும் வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. அடுத்த பதிவில் சந்திப்போம்!