திரைவழி மனநல ஆலோசனை உங்களுக்கு ஏற்றதா?

பழவேற்காட்டிலிருந்து சென்னை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டுக் குப்பங்களில் வாழ்வோர் முதலில் பழவேற்காட்டுக்கு வந்து, பொன்னேரிக்குப் பேருந்து ஏறி, அங்கிருந்து மீண்டும் ஒரு வண்டி பிடிக்க வேண்டும். முக்கால் மணி நேரம் மனநல ஆலோசகரிடம் பேசுவதற்கு ஒரு முழு நாள் செலவாகிறது. ஏரியில் பாடு முறைப்படி வலை கட்டும் முறை அன்றைக்குத் தம் குடும்பத்துக்கு வந்திருந்தால், இழப்பு பயணச் செலவோடு நிற்பதில்லை. அன்றைய மீனும் போய்விடுகிறது. ஆகவே பலர் முதல் முறை வந்துவிட்டு, இரண்டாம் முறை வராமல் நின்றுவிடுகின்றனர்.

“செல்பேசி வழியாகவே பேசிக்கொள்ளலாமா?” என்று நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்பது முற்றிலும் நியாயமானது. பலருக்கு இதற்கு விடை ‘ஆம்’, சிலருக்கு ‘இல்லை’, இன்னும் சிலருக்கு ‘முதலில் நேரில், பிறகு செல்பேசியில்’ என்பதே பொருத்தமான விடை. நீங்கள் இவர்களுள் யார் என்பதைத் தீர்மானிக்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எவருக்கு ஏற்றது?

மனநல ஆலோசனையின் பெரும்பகுதி பேச்சும் செவிமடுத்தலுமே ஆகும். மிதமான மனச்சோர்வு, ஓயாத கவலை, பதற்றம், துயர இழப்புக்குப் பின் நீங்காத வேதனை, கடன் நெருக்கடியால் உறக்கமின்மை ஆகியவற்றுக்குத் திரைவழி ஆலோசனை பெரும்பாலும் நன்கு பயன்படுகிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றக் கற்பிக்கும் சிகிச்சை முறையைக் காணொலி வழியே பெற்றோரும் நேரில் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைவதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. தொலைவில் இருந்து பேசுவதால் அது தரம் குறைந்த சிகிச்சை என்று எண்ண வேண்டியதில்லை.

ஏற்கெனவே நேரில் சிகிச்சை பெற்று நலமடைந்து வருவோர்க்கு இது மேலும் பயன் தரும். மீன்வரத்து மிகுந்த நாள்களில் மருத்துவமனைக்கு வர இயலாதபோது, சிகிச்சை அறுபடாமல் தொடர இது வழி செய்கிறது. மனநலச் சிகிச்சையில் இடைவிடாத தொடர்ச்சியே பாதி மருந்து.

திறன்பேசி இல்லையென்றும் தயங்க வேண்டாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் சாதாரணப் பொத்தான் செல்பேசியிலிருந்தே அழைக்கலாம். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்படின் மனநல மருத்துவர் முதலான வல்லுநர்களோடு இணைப்பார்.

முதல் கேள்வி: கதவு

திரைவழி ஆலோசனைக்கு எது இன்றியமையாதது என்று கேட்டால், அலைக்கற்றை வேகம் என்றே பலரும் விடை கூறுவர். எங்கள் அனுபவத்தில் அதனினும் முக்கியமானது ஒரு மூடிய கதவு. பிறர் காதில் விழாமல் பேசும் இடம் உங்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது கிடைக்குமா என்பதே முதல் கேள்வி.

ஒரே அறை கொண்ட வீட்டில், மாமியார் அடுப்பருகிலும் பிள்ளைகள் வாசலிலும் இருக்க, ஒரு பெண் தன் திருமண வாழ்வின் துன்பத்தை எவ்வாறு எடுத்துரைப்பாள்? “நன்றாக இருக்கிறேன், மருந்து சாப்பிடுகிறேன்” என்று மட்டும் கூறி முடித்துக்கொள்வாள். ஆலோசகரும் அதனை உண்மையென நம்பிவிடக் கூடும். வீட்டில் அச்சுறுத்தலுக்கோ வன்முறைக்கோ ஆளாகிறவர் அதே வீட்டிலிருந்து பேசுவது அவருக்கு ஆபத்தாகவும் முடியலாம். அத்தகையோர்க்கு மருத்துவமனையின் ஆலோசனை அறையே பாதுகாப்பான இடம். மகளிர் உதவிக்கான 181 என்ற எண்ணையும் அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

கதவு இல்லாத வீட்டிலும் வழிகள் உண்டு. நம்பிக்கைக்குரிய உறவினர் வீடு, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறும் ஓர் அறை, ஆளில்லாத வேளையில் வலை வைக்கும் கொட்டகை ஆகியவை உதவும். காதில் மாட்டும் ஒலிக்கருவியைப் பயன்படுத்தினால் எதிர்முனைப் பேச்சேனும் பிறர்க்குக் கேளாது. விடியலில் தொழிலுக்குச் சென்று நண்பகலில் கரை திரும்புவோர் பிற்பகல் நேரத்தையே கேட்டுப் பெறலாம். படகில் இருந்தபடியோ வண்டி ஓட்டியபடியோ ஆலோசனை பெறுதல் கூடாது. மனம் கலங்கிய வேளையில் அது உயிருக்கே தீங்கு.

செல்பேசி யாருடையது என்பதையும் எண்ணிப் பாருங்கள். குடும்பம் முழுவதற்கும் ஒரே கருவி என்றால், ஆலோசகர் அனுப்பும் குறுஞ்செய்தியை மகனோ கணவரோ முதலில் படிக்கக் கூடும். எந்த நேரத்தில் அழைக்கலாம், செய்தி அனுப்பலாமா கூடாதா என்பதை முதல் நாளிலேயே ஆலோசகரிடம் தெளிவாகக் கூறிவிடுங்கள்.

எப்போது நேரில் வரவேண்டும்?

திரை முகத்தைக் காட்டும், நாடியைக் காட்டாது. கீழ்க்காணும் நிலைகளில் நேரில் வருதலே முறை.

முதலாவது, உயிரைப் போக்கிக்கொள்ளும் எண்ணமோ பிறரைத் தாக்கும் எண்ணமோ எழுந்தால், குறித்த நாளின் காணொலி ஆலோசனைக்காகக் காத்திருத்தல் ஆகாது. 108-ஐ அழையுங்கள்; அல்லது உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள்களை எட்டாத இடத்துக்கு அகற்றிவிடுங்கள். இத்தகைய எண்ணம் குறித்து நேரடியாகக் கேட்டால் அது வளர்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். பரிவோடு கேட்பது பெரும்பாலும் ஆறுதலையே தரும்.

இரண்டாவது, நாள்தோறும் மிகுதியாக மது அருந்துவோர். “நாளை முதல் நிறுத்திவிடுகிறேன், ஆலோசகரிடம் செல்பேசியில் பேசிக்கொள்கிறேன்” என்று முடிவெடுப்பது நல்ல மனத்தின் அடையாளமே. எனினும் நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது கை நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தொடங்கி, முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம்; அதன்பின் மனக்குழப்பமும் இல்லாதவற்றைக் காணும் மயக்கமும் ஏற்படலாம். இவை உயிருக்கு ஆபத்தானவை. மதுவை நிறுத்தும் முதல் நாள்கள் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் கழிய வேண்டும். அதன் பிறகு மனவுறுதியைக் காக்கும் ஆலோசனையைத் திரைவழி தொடரலாம்.

மூன்றாவது, குரல்கள் கேட்பதாகக் கூறுவோர், காரணமின்றிப் பிறரை ஐயுறுவோர், பிள்ளை பெற்ற சில நாள்களில் உறக்கமின்றி நிலை தடுமாறிப் பேசும் தாய்மார் ஆகியோர் தாமதமின்றி நேரில் வரவேண்டும்.

நான்காவது, உடலில் வேர்கொண்ட தளர்ச்சி. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வு போன்றே தோன்றுவதுண்டு. அவற்றை இரத்தப் பரிசோதனையே வெளிப்படுத்தும். லித்தியம் போன்ற மருந்தை உட்கொள்வோர்க்கும் குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை கட்டாயம் தேவை.

எதிரில் பேசுபவர் யார்?

விளம்பரத்தைக் கண்டு பணம் செலுத்துமுன் அவர் பெயரையும் தகுதியையும் கேளுங்கள். மருந்து எழுதித் தரும் அதிகாரம் மருத்துவருக்கே உண்டு. அவருக்கு மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெறுவர். தொலைமருத்துவத்துக்கு இந்தியாவில் 2020 மார்ச் மாதம் முதல் எழுத்து வடிவிலான நெறிமுறைகள் உள்ளன. அவற்றின்படி மருத்துவர் தம்மை யாரென அறிவிக்க வேண்டும். உங்கள் இசைவு பெற வேண்டும். திரைவழி போதாது எனக் கருதினால் நேரில் வருமாறு கூற வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை வழங்குகிறது. “சில நாள்களில் முழுக் குணம்” என்று உறுதி கூறுவோரை நம்ப வேண்டாம்.

திரையும் வேண்டும், துணையும் வேண்டும்

தொலைவிலிருந்து மனநலச் சிகிச்சை அளிக்கும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இம்முறையில் ஈடுபட்டது; 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே ஆலோசனை அறையாக்கி ஊர் ஊராக அனுப்பியது. நோயாளி பேருந்தில் அமர்ந்து சென்னையிலிருந்த மருத்துவரிடம் திரைவழி பேசினார்; மருந்தும் அப்பேருந்திலேயே வழங்கப்பட்டது. ஊர்ப் பணியாளர்கள் குடும்பத்தோடு தொடர்பில் இருந்தனர். திரை தனித்து வரவில்லை. அதனோடு ஒரு மனிதத் துணையும் வந்தது. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

ஆகவே எங்கள் பரிந்துரை இது: இயன்றவரை முதல் சந்திப்பு நேரில் அமையட்டும். பிறகு மூன்று அல்லது நான்கு முறை திரைவழி பேசிப் பாருங்கள். உறக்கம், பசி, தொழிலில் நாட்டம், பிறரோடு பேசும் விருப்பம் ஆகியவற்றில் சிறு மாற்றமேனும் தெரிகிறதா? சொல்ல நினைத்ததைச் சொல்ல முடிகிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்பது விடையானால், தயங்காமல் ஆலோசகரிடம் கூறி, நேர்முகச் சந்திப்பைக் கேளுங்கள். அது உங்கள் தோல்வியும் அன்று. அவரைக் குறை கூறுதலும் அன்று.

பராமரிப்போர்க்கு ஒரு வேண்டுகோள். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள், வாசலில் யாரேனும் வந்தால் நிறுத்தி வையுங்கள், பேசி முடித்தபின் “என்ன பேசினாய்?” என்று வினவாதீர்கள். அவராகச் சொல்ல விரும்பினால் செவிமடுங்கள். கதவு இல்லாத வீட்டில், அந்த ஒரு மணி நேரம் நீங்களே கதவாக நில்லுங்கள்.