டோக்கெலாவ்: பாஸ்போர்ட்டும் கப்பல்லதான் வரணும்

போன எபிசோட்ல தூதரகம், கான்சுலேட் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பேசினோம். வெளிநாட்ல பாஸ்போர்ட் தொலைஞ்சா எங்க போகணும், அங்க குழந்தை பிறந்தா யார்கிட்ட பதியணும், இப்படி. இந்த முறை அதையே ஒரு வினோதமான இடத்துல வச்சுப் பார்க்கலாம். அந்த ஊர்க்காரங்க நியூசிலாந்துக் குடிமக்கள். இருக்கறதும் நியூசிலாந்து ஆட்சிப் பகுதியிலதான். ஆனா நியூசிலாந்துக்குப் போகணும்னா முதல்ல வேறொரு தனி நாட்டுல இறங்கணும். வேற வழி கிடையாது.

ஊர் பேரு டோக்கெலாவ். பசிபிக் கடல் நடுவுல மூணு பவழத் தீவுகள்: அடாஃபு, நுகுனோனு, ஃபகாவோஃபோ. 'தீவு'ன்னதும் மலை, அருவின்னு கற்பனை பண்ணாதீங்க. கடல்ல கழட்டிப் போட்ட வளையல் மாதிரி ஒல்லியான நிலம், நடுவுல காயல். மூணையும் சேர்த்தாலே சுமார் 12 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் ஏறக்குறைய 1,500 பேர். தலைநகர்னு நிரந்தரமா ஒண்ணு இல்லை. தலைவர் பதவி வருஷத்துக்கு ஒரு தீவுன்னு சுற்றி வருது, அது கூடவே ஆட்சி மையமும் நகருது. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இது.

விமான நிலையம் இல்லை, கப்பல் மட்டும்தான். சமோவா நாட்டுத் தலைநகர் அப்பியாவுல இருந்து சுமார் 500 கிலோமீட்டர், ஒரு நாளுக்கு மேல பயணம். 2016ல இருந்து ஓடுற கப்பலோட பேரு 'மட்டாலிக்கி'. அந்த ஊர் பாஷையில அது ஒரு நட்சத்திரக் கூட்டம். எதுன்னு பார்த்தா, நம்ம கார்த்திகை நட்சத்திரமேதான்!

ஆனா இந்தக் கப்பல் கரைக்கே வராது. ஆழமான துறைமுகம் எதுவும் இல்லை, சுத்தி பவழப் பாறை. கப்பல் வெளியே கடல்லயே நிற்கும். பாறையை உடைச்சுப் போட்ட ஒரு வாய்க்கால் வழியா சின்னப் படகு போய் ஆளையும் அரிசி மூட்டையையும் ஏத்தி வரும். கடல் கொந்தளிச்சா காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போ முக்கியமான விஷயம். சமோவா ஏன் நடுவுல வருது? 1914ல ஜெர்மனிகிட்ட இருந்து சமோவாவை நியூசிலாந்து பிடிச்சுது. 1926ல டோக்கெலாவ் நிர்வாகமும் நியூசிலாந்து கைக்கு வந்தது. அப்போ அப்பியாவுல உட்கார்ந்து டோக்கெலாவைப் பார்த்துக்கிறது ரொம்ப இயல்பான விஷயம், ரெண்டும் ஒரே அரசாங்கத்துக்குக் கீழேதானே. 1949 ஜனவரி 1ல டோக்கெலாவ் சட்டப்படி நியூசிலாந்தோட பகுதி ஆச்சு. மக்களும் குடிமக்கள் ஆனாங்க. 1962 ஜனவரி 1ல சமோவா சுதந்திரம் வாங்குச்சு. சமோவாவுக்கு அது பெரிய நாள். டோக்கெலாவுக்கு? கப்பலும் அதே கப்பல், துறைமுகமும் அதே துறைமுகம். ஆனா அந்தத் துறைமுகம் இப்போ வெளிநாடு. வீட்டு வாசல் அப்படியே இருக்க, வாசல் இருக்கிற மனை மட்டும் இன்னொருத்தர் பேருக்கு மாறின மாதிரி.

அதனால இங்க பாஸ்போர்ட் சுற்றுலாவுக்கான பொருள் இல்லை. ஒவ்வொரு தீவுலயும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கு. ஆனா பெரிய ஆபரேஷன்னா சமோவாவுக்கோ நியூசிலாந்துக்கோ அனுப்பணும். நியூசிலாந்து பாஸ்போர்ட் பெரியவங்களுக்கு 10 வருஷம் செல்லும், 16 வயசுக்குக் கீழே 5 வருஷம்தான். ஒரு வீட்ல மூணு பிள்ளைங்கன்னா மூணு பாஸ்போர்ட்டும் வேற வேற தேதியில முடியும். சென்னையில நமக்கு ஒரு பாஸ்போர்ட் காலாவதியாச்சுன்னா பாஸ்போர்ட் ஆபீசுக்கு ஆட்டோ பிடிச்சுப் போயிட்டு வந்துடலாம். அங்க புது புத்தகமும் கப்பல்லதான் வரணும், அது வந்தப்புறம் ஆளும் கப்பல்லதான் போகணும். வயித்து வலி அந்த அட்டவணைக்காகக் காத்திருக்குமா?

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒண்ணு குடியுரிமைச் சட்டத்துல இருக்கு. நியூசிலாந்து சட்டத்துல குடிமக்கள் ரெண்டு வகை: பிறந்த இடத்தால் குடிமகன், வம்சாவளியால் குடிமகன். டோக்கெலாவுல பிறந்தா, அது நியூசிலாந்து மண்ணுல பிறந்ததா கணக்கு. (2006ல இருந்து பெற்றோர்ல ஒருத்தராவது குடிமகனாகவோ நிரந்தரமாத் தங்கும் உரிமை உள்ளவராகவோ இருக்கணும்.) ஆனா பிரசவத்துல சிக்கல்னு அம்மாவைக் கப்பல்ல அப்பியாவுக்கு அனுப்பி, குழந்தை அங்க பிறந்தா? பொது விதிப்படி அது வம்சாவளிக் குடிமகன். பாஸ்போர்ட் வாங்கறதுக்கு முன்னாடி அந்தக் குடியுரிமையைப் பதிவு பண்ணணும். இன்னொரு விஷயம், வம்சாவளிக் குடிமகனோட குழந்தையும் வெளிநாட்ல பிறந்தா, குடியுரிமை தானா இறங்காது. அதாவது ஒரு பிரசவம் கடலோட எந்தப் பக்கம் நடந்ததுங்கறது பேரன் பேத்தி வரைக்கும் போகலாம். இதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

"சரி, ஒரு அதிகாரியை ஃபாரத்தோட கப்பல்ல அனுப்பிட வேண்டியதுதானே?"ன்னு கேட்கலாம். அனுப்பலாம், ஆனா அவரும் கப்பலோட கைதிதான். சரக்கு இறக்கி முடிஞ்சதும் கப்பல் அடுத்த தீவுக்குக் கிளம்பிடும். ஒண்ணு, அந்தச் சில மணி நேரத்துக்குள்ள எல்லார் கையெழுத்தையும் வாங்கணும். இல்லைன்னா கப்பல் திரும்பி வர்ற வரைக்கும் தங்கணும். அன்னிக்கு அம்மா பக்கத்துத் தீவுல கல்யாணத்துக்குப் போயிருந்தா, குழந்தையோட விண்ணப்பம் அடுத்த நடைக்குத்தான்.

கடல்வழி அரசாங்கத்துக்கு இன்னொரு நல்ல உதாரணம், 2006 பிப்ரவரியில நடந்த வாக்கெடுப்பு. நியூசிலாந்தோட தொடர்ந்து உறவு வச்சுக்கிட்டே சுயாட்சிக்குப் போகலாமான்னு கேள்வி. ஒரே நாள்ல முடிக்க முடியலை. முதல்ல அப்பியாவுல இருந்த டோக்கெலாவ்காரங்க ஓட்டுப் போட்டாங்க. அப்புறம் ஐ.நா. பார்வையாளர்கள் கண்காணிக்க, தீவு தீவா ஓட்டுப்பதிவு. மூணுல ரெண்டு பங்கு வேணும், கிடைச்சது சுமார் 60 சதவீதம். 2007 அக்டோபர்ல மறுபடி நடத்தினாங்க. இந்த முறை 64 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. 16 ஓட்டுல நழுவிப் போச்சு. அதுக்கான காரணங்கள் தனி எபிசோடுக்கான விஷயம். ஆனா நியூசிலாந்துல மட்டும் 8,000க்கும் மேற்பட்ட டோக்கெலாவ் மக்கள் வாழ்றாங்க, ஊர்ல இருக்கறவங்களைப் போல அஞ்சு மடங்கு. பிள்ளைங்களும் பேரப்பிள்ளைங்களும் இருக்கிற நாட்டோட உள்ள உறவைக் கொஞ்சம் தளர்த்தறதுக்கே தயங்கியிருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

2022ல கடலடி இன்டர்நெட் கேபிள் வந்துடுச்சு. இது நிஜமாவே பெரிய மாற்றம். விண்ணப்பம், போட்டோ, கேள்வி பதில் எல்லாம் ஆன்லைன்ல போகலாம், அதிகாரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விமான ஓடுதளம் வேணுமா வேண்டாமாங்கற பேச்சும் ரொம்ப காலமா இருக்கு. ஆனா அவ்வளவு ஒல்லியான நிலத்துல ஓடுதளம் போட்டா தென்னை எங்க, வீடு எங்கன்னு கேட்கறதும் நியாயம்தான். இன்னிக்கு நிலவரப்படி, நியூசிலாந்துல அச்சடிச்ச பாஸ்போர்ட் விமானத்துல அப்பியா வந்து, மட்டாலிக்கியில ஏறி, கடைசி சில நூறு மீட்டரைப் படகுல கடக்குது. மழை பெய்தா உறை நனையாம பார்த்துக்கறது படகுல இருக்கறவரோட பொறுப்பு.