காட்டுப்பன்றிக்கு ஏற்ற தோட்டா எது?

வேளிமலையில் தோன்றும் வள்ளியாறு கடியப்பட்டணம் அருகே கடலில் கலக்கிறது. மலையோர விளைகளில் மரச்சீனி, வாழை, தென்னங்கன்று ஆகியவற்றைக் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடும். ஆற்றோரப் புதர்களும் தரிசு விளைகளும் இவற்றுக்குப் பகல் நேர மறைவிடங்கள். ஆகவே, கீழ்ப்பகுதி விவசாயிகளும் இது பற்றி அறிந்திருப்பது நல்லது.

சுடுவது யார்?

2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவரும் தாமாகச் சுடுவது குற்றமாகும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பன்றியைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். மலையிலிருந்து வெகு தொலைவிலுள்ள கடியப்பட்டணம் போன்ற ஊர்கள் மூன்றாம் பிரிவில் அடங்கும்.

சிறு ரவை ஏன் கூடாது?

வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். அதன் தோள்பட்டைத் தோல் தடித்து, குருத்தெலும்பு போல் இறுகியிருக்கும். குண்டு இதைத் துளைத்து இதயத்தையோ நுரையீரலையோ அடைந்தால்தான் பன்றி விரைவில் விழும். முயலுக்கும் காடைக்கும் உரிய சிறு ரவைகள் தோலோடு நின்றுவிடும். பாயிண்ட் 22 தோட்டாவின் குண்டு எடை சுமார் 2.6 கிராம்தான். அதுவும் போதாது.

காயம்பட்ட பன்றி புதரில் ஒளிந்துகொள்ளும். மறுநாள் காலையில் தண்ணீர் பாய்ச்ச வருபவர் மீது அது பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. நாட்டுத் துப்பாக்கியும் அவுட்டுக்காயும் ஆகாது என்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

ஏற்றவை எவை?

நம் நாட்டில் தயாராகும் பாயிண்ட் 315 ரைபிளின் குண்டு 244 கிரெய்ன், அதாவது சுமார் 16 கிராம் எடையுள்ளது. பன்றிக்கு இது போதுமானது. 12 போர் துப்பாக்கியானால் ஒற்றைக் குண்டுத் தோட்டா சிறந்தது. 6 பெரிய ரவைகள் கொண்ட எல்.ஜி. தோட்டாவை மிக அருகில், 20 முதல் 25 மீட்டருக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். தூரம் கூடினால் ரவைகள் சிதறி, பன்றி காயத்தோடு தப்பிவிடும்.

ஜெர்மனியில் காட்டுப்பன்றிக்கு ஏற்ற தோட்டாவைச் சட்டமே வரையறுத்துள்ளது. குண்டின் விட்டம் 6.5 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. 100 மீட்டர் தூரத்தில் அதன் ஆற்றல் 2000 ஜூலாவது இருக்கவேண்டும். சாதாரண பாயிண்ட் 22 குண்டுக்குக் குழல் முனையிலேயே சுமார் 200 ஜூல்தான்.

நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டியது

விசை கூடினால் மட்டும் போதுமா? குமரி மாவட்டத்தில் விளையும் வீடும் அடுத்தடுத்து உள்ளன. குறி தவறிய ரைபிள் குண்டு 2 கி.மீ.க்கு அப்பாலும் செல்லக்கூடும். ஆகவே, குடியிருப்பு நெருங்கிய இடங்களில் 12 போர் ஒற்றைக் குண்டே ஏற்றது. அதையும் பரண் மீதிருந்து கீழ்நோக்கி, குண்டு மண்ணில் புதையும்படி சுடவேண்டும். பன்றிக்குப் பின்னால் பாறையோ தண்ணீரோ இருந்தால் குண்டு தெறித்துத் திரும்பும்.

விவசாயி செய்ய வேண்டியவை

1. சேதத்தை உடனே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் தெரிவித்து இழப்பீடும் கோரவும்.

2. பன்றி வரும் தடம், நேரம், அருகிலுள்ள வீடுகள், பாதைகள் ஆகியவற்றை வனத்துறையினருக்குக் காட்டவும்.

3. சுடும் இரவில் குடும்பத்தாரும் பால்வெட்டுத் தொழிலாளரும் அப்பக்கம் செல்லாமல் பார்த்துக்கொள்ளவும். அடிபட்ட பன்றி தப்பியிருந்தால், வனத்துறையினர் கண்டுபிடிக்கும் வரை விளையில் இறங்க வேண்டாம்.

4. வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் பாய்ச்சவே கூடாது. அது மனித உயிரையும் பறிக்கும். முறைப்படி அனுமதி பெற்ற சூரிய மின்வேலி அமைக்கலாம்.

5. விளையோரப் புதர்களை வெட்டி அகற்றவும். மறைவிடம் இல்லாத இடத்தில் பன்றி தங்குவதில்லை.

புதரை நீக்குவதும் வேலி அமைப்பதும் முதல் வேலை. சுடுவது கடைசி வழி. அந்நிலை வந்தால், தகுந்த தோட்டாவோடு, தகுதி பெற்றவர் கையால் அது நடக்கட்டும்.