அச்சு மாறினால் பிழையும் மாறும்: நாணயச் சாலைகள் சொல்லும் பாடம்

புதுதில்லி: ரூபாய் குறியீடு இல்லாத 10 ரூபாய் நாணயம் கள்ள நாணயம் என்ற வதந்தி பரவியதால், 2016 நவம்பரிலும் 2018 ஜனவரியிலும் ரிசர்வ் வங்கி விளக்கம் அளிக்க நேர்ந்தது. புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-ல் அவ்வங்கி அறிவித்தது. வடிவ வேறுபாடு வேறு, அச்சுப் பிழை வேறு, கள்ள நாணயம் வேறு என்பது மக்களைச் சென்றடையாததே இக்குழப்பத்துக்குக் காரணம்.

பெங்களூரில் நாணயச் சாலை இல்லை. ஆயினும் பிரேசர் டவுன் கடையில் கிடைக்கும் நாணயம் எங்கு உருவானது என்பதைப் பொதுவாக ஆண்டின் கீழுள்ள குறியே காட்டிவிடும். நட்சத்திரம் எனில் ஹைதராபாத், வைர வடிவம் எனில் மும்பை, புள்ளி எனில் நொய்டா, குறி இல்லையெனில் கொல்கத்தா.

முன்பு, எஃகுத் தாய் அச்சை மற்றோர் எஃகுத் துண்டில் ஒருமுறைக்கு மேல் அழுத்தியே நாணய அச்சு தயாரிக்கப்பட்டது. முதல் அழுத்தத்தில் இறுகும் எஃகைச் சூடாக்கி இளக்கிய பின்னர் மீண்டும் அழுத்துவர். அப்போது இம்மியளவு விலகினாலும் எழுத்துகள் இரட்டையாகப் பதியும். அமெரிக்காவின் 1955-ஆம் ஆண்டு ஒரு சென்ட் நாணயத்தில் நேர்ந்தது இதுவே. 1990-களில் அந்நாடு ஒரே அழுத்த முறைக்கு மாறத் தொடங்கியது. பெரிய இரட்டிப்புகள் அரிதாயின. நடுப்பகுதியில் சிறு இரட்டிப்புகள் மட்டும் தொடர்ந்தன.

கணினி மூலம் செதுக்கும் முறையோ பிழையின் இடத்தையே மாற்றிவிட்டது. மூல வடிவில் தவறு இருந்தால், அதிலிருந்து உருவாகும் அச்சுகள் அனைத்திலும் அது அப்படியே பதியும். கைவினைஞரின் கவனத்தைவிட, வடிவத்துக்கு ஒப்புதல் அளிப்போரின் கவனமே இப்போது முக்கியம். அதே வேளையில், தகடு விலகி அடிபடுவது போன்ற பிழைகளை எந்த நவீன அச்சும் தடுக்காது. அவற்றைப் பரிசோதனையில்தான் பிடிக்க முடியும்.

வடிவப் பிழையின் விலையை இந்தியா முன்பே கண்டுள்ளது. 1911-ல் வெளியான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் அணிகலனில் இருந்த யானை பன்றிபோல் தெரிவதாக எதிர்ப்பு எழுந்தது. அந்நாணயங்கள் திரும்பப் பெறப்பட்டு, 1912-ல் திருத்திய வடிவம் வெளியிடப்பட்டது.

2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, சிதைக்கப்படாத, எடை குறையாத ஒரு ரூபாய் மற்றும் அதற்கு மேற்பட்ட நாணயங்கள் 1,000 ரூபாய் வரை செல்லுபடியாகும். இது தெரியாத சந்தையில், வடிவம் மாறும் ஒவ்வொரு முறையும் இழப்பு சில்லறையை நம்பி வாழும் எளியோருக்கே. புதிய வடிவம் வெளிவரும் நாளிலேயே விளக்கமும் அவர்களைச் சென்றடைவது அவசியம்.