முட்டி வீங்கினால் ஆட்டம் நிற்கட்டும்

மோதி விழுந்தால்தான் முட்டி போகும் என்று சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டத் திடல்களில் இன்னும் பலர் நினைக்கிறோம். அது உண்மையில்லை. 2019 ஜனவரி 27, ஜகார்த்தாவில் பூப்பந்து இறுதியாட்டம். வலைக்கு அந்தப் பக்கம் சாய்னா நேவால், இந்தப் பக்கம் கரோலினா மரின். முன்னிலையில் இருந்த மரின் துள்ளி இறங்கியபோது வலது முட்டி போனது. யாரும் அவரைத் தொடவில்லை. 2021-இல் இடது முட்டி. தோக்கியோ ஒலிம்பிக் கைநழுவியது. 2024 பாரிஸ் அரையிறுதியில் மீண்டும் வலது முட்டி.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் குறுக்காகக் கட்டிப் பிடித்திருப்பது முன்சிலுவைத் தசைநார். ஆட்டக்காரர்கள் ‘ஏசிஎல்’ என்பார்கள். அது அறுவதில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு, யாரும் மோதாமலே நடப்பவை. ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதும், திடீரென நிற்கும்போதும், ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போதும் அறுகிறது. காற்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

இருபது நிமிடம் போதும்

‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்ற காயத்தடுப்புப் பயிற்சிக்கு ஒரு பந்தும் கொஞ்சம் திடலும் போதும். முதல் எட்டு நிமிடம் மெதுவான ஓட்டம். அடுத்த பத்து நிமிடம் ஒற்றைக் காலில் நிற்பது, உட்கார்ந்து எழுவது, பின்தொடையை வலுவாக்குவது, குதித்து இறங்குவது. கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண்களிடம் இதைச் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. வாரம் இருமுறையாவது விடாமல் செய்தால்தான் பலன். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல், பாதத்துக்கு நேராக மடங்குகிறதா என்று பயிற்றுநர் பார்க்க வேண்டும்.

அடிபட்டால்

முட்டிக்குள் ‘டப்’ என்ற சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், கால் ஊன்றினால் நழுவுவது போன்ற உணர்வு. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வையுங்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவாதீர்கள், சூடும் வைக்காதீர்கள்.

மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தசைநார் தெரியாது. ஆகவே “எலும்பு உடையவில்லை” என்றதும் நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். வீக்கம் வற்றிய பிறகும் கால் நழுவினால் மறுபடியும் மருத்துவரிடம் போங்கள். அறுந்த நாரோடு ஆடினால் முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பும் கிழியலாம். இளவயதிலேயே மூட்டுத் தேய்மானம் வரலாம்.

கேட்டுப் பெறுங்கள்

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் அரசு மருத்துவமனை நிபுணரைப் பார்க்கலாம். சபாக் பெர்ணமில் தெங்கு அம்புவான் ஜமாஆ மருத்துவமனை இருக்கிறது. தேவையானால் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஸ்கேன், அறுவை சிகிச்சை செலவைக் கட்ட முடியாதவர்கள் மருத்துவச் சமூகநலப் பிரிவில் உதவி கேட்கலாம். பிள்ளைக்குப் பள்ளிவழி விபத்துக் காப்புறுதி உண்டா என்று பள்ளியிலும் விசாரியுங்கள்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். கையெழுத்துப் போடும் முன், வேறு வழி உண்டா, வளரும் எலும்புக்குப் பாதிப்பு வருமா என்று கேட்பது உங்கள் உரிமை. அறுவைக்குப் பின் ஒன்பது மாதமாவது போட்டி வேண்டாம். அடிபட்ட கால் மற்ற காலின் பலத்தில் 90 விழுக்காட்டையாவது எட்டியதா என்று பிசியோதெரபிஸ்ட் சோதித்த பிறகே திடலுக்கு அனுப்புங்கள்.

“வலிக்கிறது, சார்” என்று சொல்லும் பிள்ளையை மறுபடியும் களத்தில் இறக்க எந்தக் கோப்பைக்கும் தகுதியில்லை. பதினைந்து வயதுக் கால் அது. இன்னும் அறுபது வருடம் நடக்க வேண்டும்.