பழைய நாவல் இன்றும் சுடுவது ஏன்?

எழுபது ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட ஒரு கற்பனைக் கதையை இன்று படிப்பதால் நமக்கு என்ன பயன்?

வருங்காலம் எப்படியெல்லாம் கெட்டுப் போகலாம் என்று எச்சரிக்கும் கதைகளை ஆங்கிலத்தில் 'டிஸ்டோப்பியா' நாவல்கள் என்கிறார்கள். 1932இல் அல்டஸ் ஹக்ஸ்லியும் 1949இல் ஜார்ஜ் ஆர்வெல்லும் எழுதிய நாவல்கள் இந்த வகையில் பெயர் பெற்றவை. நான் எடுத்துக்கொண்டது, ரே பிராட்பரி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1953இல் வெளியிட்ட 'ஃபாரன்ஹைட் 451'. அந்த நாவல் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நான் வேலை செய்யும் தொலைக்காட்சியைத்தான். அதனால் அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

நாஜிகள் 1933இல் ஜெர்மனியில் புத்தகங்களைக் குவித்து எரித்த சம்பவம் பிராட்பரியை ஆழமாகப் பாதித்தது. இந்தக் கதையின் முதல் வடிவத்தை அவர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் எழுதினார். அங்கே அரை மணி நேரத்துக்கு 10 சென்ட் கட்டணத்தில் தட்டச்சு இயந்திரம் கிடைத்தது. புத்தகங்களை எரிக்கும் கதை புத்தகங்களுக்கு நடுவில்தான் பிறந்தது.

கதாநாயகன் மோன்டாக் தீயணைப்புப் படையில் வேலை செய்பவன். ஆனால் அந்த உலகில் தீயணைப்புப் படையின் வேலையே, புத்தகம் வைத்திருப்பவர்களின் வீட்டுக்குத் தீ வைப்பது. அவன் வீட்டுக் கூடத்தில் மூன்று சுவர்கள் முழுக்கத் தொலைக்காட்சித் திரைகள். நான்காவது சுவருக்கும் திரை வேண்டும் என்கிறாள் மனைவி மில்ட்ரட். அதன் விலை, கணவனின் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! திரையில் பேசுகிறவர்களே அவளுக்குக் குடும்பம். படுக்கையிலும் காதுக்குள் சிப்பி போன்ற சின்ன வானொலி. தாங்கள் இருவரும் முதன்முதலில் சந்தித்த இடம் எது என்று கணவன் கேட்கிறான். இருவருக்குமே நினைவில்லை.

காதில் செருகும் கருவி, சுவரளவு திரை என்று இன்றைய பொருள்களை அன்றே ஊகித்தார் என்று வியக்கலாம். ஆனால் அது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது.

அரசாங்கம் புத்தகங்களைத் தடை செய்யும் கதை என்றுதான் பலர் இதை நினைக்கிறார்கள். தீயணைப்புத் தலைவர் பீட்டி சொல்லும் விளக்கமோ நம்மைத் திடுக்கிட வைக்கும். தடை முதலில் மேலிருந்து வரவில்லையாம். பெரிய நூல்கள் முதலில் கால் மணி நேர வானொலி நிகழ்ச்சிகளாகச் சுருங்கின. பிறகு இரண்டு நிமிடப் பத்தியாயின. கடைசியில் பத்துப் பன்னிரண்டு வரிக் குறிப்பாயின. யார் மனமும் நோகக் கூடாது என்று கருத்துகளும் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டன. மக்கள் தாங்களாகவே படிப்பதை விட்டார்கள். நெருப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

அரை நிமிடக் காணொளிகளை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும் நமக்கு இது சுடாமல் இருக்குமா? 'நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லுங்கள்' என்று விருந்தினரைக் கேட்பது எங்கள் தொழிலில் அன்றாடப் பேச்சு.

அப்படியென்றால் தொலைக்காட்சியை உடைத்துவிட வேண்டுமா? நாவலில் வரும் முதிய பேராசிரியர் ஃபேபர் அப்படிச் சொல்லவில்லை. புத்தகத்தில் உள்ள ஆழத்தை வானொலியும் தொலைக்காட்சியும்கூடத் தர முடியும், ஆனால் தருவதில்லை என்பதே அவருடைய குறை. நல்ல விஷயம், அதைச் சிந்திக்க ஓய்வு, சிந்தித்தபடி நடக்க உரிமை ஆகிய மூன்றும் மனிதனுக்குத் தேவை என்கிறார் அவர். முதலாவதைத் தருவது எங்களைப் போன்றவர்களின் பொறுப்பு. இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது. மூன்றாவதைக் காப்பது நம் எல்லாருடைய கடமை.

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகங்களை யாரும் எரிக்க வரவில்லை. ஆனால் அவற்றைக் கடைசியாகத் திறந்தது எப்போது? இந்த வார இறுதியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓர் அத்தியாயமாவது சேர்ந்து படியுங்கள். அது பழைய புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது.