சுத்தியலைத் தேடியவர் கண்ட செல்வம்

சென்ற தவணையில் ஒருநாள், பாடம் முடிந்து நான் வெளியேறும் வேளையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கடதாசிப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தான். அவிழ்த்துப் பார்த்தபோது செப்புக் காசு ஒன்று பளபளவென்று மின்னியது. வாழைக்குப் பாத்தி கட்டுகையில் மண்வெட்டியில் அகப்பட்டதாம். வீ, ஓ, சீ என்னும் மூன்று எழுத்துக்களும் ஒன்றோடொன்று பின்னிய முத்திரையின் சாயல் மாத்திரம் அதில் தெரிந்தது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தைத் தம் கைக்குள் வைத்திருந்த ஒல்லாந்த வணிகக் கூட்டத்தாரின் காசு அது. முத்திரையின் கீழே இருந்திருக்க வேண்டிய ஆண்டு அடியோடு தேய்ந்து போயிருந்தது.

“பழப்புளி போட்டு இரண்டு நாள் தேய்த்தேன், சேர்” என்றான் பெருமையோடு.

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவன் வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆயின் அவனுடைய அடுத்த கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. மேல்நாட்டார் காதுகளில் ஒலி கேட்கும் கருவி மாட்டிக்கொண்டு, நீண்ட தடி போன்றதொரு கருவியை வயலெங்கும் வீசி நடந்து, பொற்காசும் மோதிரமும் தோண்டியெடுக்கும் காட்சிகளை அவன் கைத்தொலைபேசியிற் கண்டிருக்கிறான். அப்படியொரு கருவியை வாங்கினால் தங்கள் வளவில் இன்னும் எத்தனை காசு எடுக்கலாம் என்பதே அவன் கேள்வி. அவனுக்கு விடையாக நான் கூறிய கதையையே வாசகர்களுக்கும் கூற விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், சஃபக் மாகாணத்தில், ஹொக்ஸன் என்றொரு சிற்றூர் உண்டு. 1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி அவ்வூர்க் கமக்காரர் ஒருவர் தமது சுத்தியலை வயலில் எங்கோ தவறவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லோஸ், தோட்ட வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது அன்பளிப்பாகக் கிடைத்த உலோகங் காட்டும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. நண்பரின் சுத்தியலைத் தேடிக் கொடுப்போமென அதை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். கருவி ஓரிடத்திற் பலமாக ஒலித்தது. தோண்டினார். வெள்ளிக் கரண்டிகள் வந்தன; பொற்காசுகள் வந்தன; வெள்ளிக் காசுகளோ அள்ள அள்ள வந்தன.

இவ்விடத்தில் அம்மனிதர் செய்த காரியமே இக்கதையின் உயிர்நாடி. எடுத்தவற்றைப் பையிற் போட்டுக்கொண்டு, மேலுந் தோண்டாமல் கையை எடுத்துவிட்டார். நண்பர்கள் இருவரும் பொலிசாருக்கும், அந்நிலத்துக்கு உரிமையுடைய மாகாண சபைக்கும் செய்தி அனுப்பினர். மறுநாளே தொல்பொருளாய்வாளர் வந்திறங்கினர். செய்தி பரவினால் இரவோடிரவாகத் திருடர் புகுவர் என்னும் அச்சத்தால், ஒரே நாளில், ஓசைப்படாமல் அகழ்வை முடித்தனர். புதையலின் பகுதிகளை மண்ணோடு சேர்த்துக் கட்டிகளாகவே பெயர்த்து ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றனர்.

கட்டிகளாகப் பெயர்த்ததால் விளைந்த பயன் யாது? பொருள்களை வாரியெடுத்திருந்தால் 14,865 காசுகளும் ஏறத்தாழ 200 பொன், வெள்ளிப் பொருள்களும் கிடைத்திருக்கும், அவ்வளவே. மண்ணோடு எடுத்தமையால், அவையெல்லாம் கருங்காலி போன்று வலிய ஓக் மரப் பெட்டியொன்றினுள் அடுக்கப்பட்டிருந்தன என்பது தெரியவந்தது. பெரிய பெட்டிக்குள் சிறிய பெட்டிகள் இருந்தன. அவற்றைப் பூட்டிய விரற்கடை அளவான வெள்ளிப் பூட்டுக்கள் இருந்தன. பொருள்கள் உராயாதபடி இடையே வைத்த துணியினதும் வைக்கோலினதும் சுவடுகள்கூட எஞ்சியிருந்தன. ஒரு குடும்பம் தன் செல்வத்தை எத்துணை நிதானத்தோடு அடுக்கி, பூட்டி, திரும்பி வருவோமென்ற நம்பிக்கையோடு புதைத்தது என்பதை அந்த மண்கட்டிகளே எடுத்துரைத்தன.

காசுகளுட் பிந்தியவை கி.பி. 408ஆம் ஆண்டளவைச் சேர்ந்தவை. உரோமப் பேரரசின் ஆட்சி பிரித்தானியாவிலே தளர்ந்து, படைகள் கடல் கடந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் விளிம்பைக் கத்தரித்து வெள்ளி எடுத்திருக்கிறார்கள். புதுக்காசு வந்து சேராத ஒரு நாட்டிலே மக்கள் பட்ட பாட்டை அந்தக் கத்தரிப்புக் காட்டுகிறது. பொன் வளையலொன்றில் யூலியானே என்னும் சீமாட்டியை விளித்து, மகிழ்ந்து அணிவாயாக என்னும் பொருள்பட எழுதியிருக்கிறது. அவள் யாரென்பது எவருக்கும் தெரியாது. அவள் திரும்பி வரவில்லை என்பது மாத்திரம் தெரிகிறது.

தமிழ் வாசகருக்கு உவப்பான செய்தியொன்றும் அப்புதையலில் உண்டு. மிளகுத்தூள் தூவும் வெள்ளிச் சிமிழ்கள் நான்கு அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று அணிகலன் பூண்ட ஒரு பெண்ணின் மேலுடல் வடிவிலமைந்தது. அடிப்பாகத்திலுள்ள தட்டைத் திருப்பினால் ஒருமுறை நிரப்புவதற்கான பெருந்துவாரம் திறக்கும். மறுமுறை தூவுவதற்கான நுண்துளைகள் திறக்கும். பின்னுமொருமுறை யாவும் மூடிக்கொள்ளும். யவனர் முசிறித் துறையிற் பொன்னைக் கொடுத்து மிளகு கொண்டுபோன செய்தி அகநானூற்றில் வருவதை உயர்வகுப்பு மாணாக்கர் அறிவர். அது ஹொக்ஸன் புதையலுக்குச் சில நூற்றாண்டுகள் முந்திய செய்தி. எனினும் தென்னிந்தியக் கரையின் மிளகுக்காகப் பேரரசின் குளிர்ந்த கோடியில் வெள்ளிச் சிமிழ் வார்த்தார்கள் என்பதை எண்ணுகையில் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1993ஆம் ஆண்டு அப்புதையல் 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் என மதிப்பிடப்பட்டது. பிரித்தானிய நூதனசாலை அதனைப் பெற்றுக்கொண்டது. அத்தொகை வெகுமதியாகக் கண்டெடுத்தவருக்கு வழங்கப்பட, அவர் அதை நண்பராகிய கமக்காரரோடு பகிர்ந்துகொண்டார்.

இனி, அக்கருவி தொழிற்படுமாற்றைச் சிறிது நோக்குவோம். தடியின் நுனியிலுள்ள கம்பிச் சுருளில் திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அதனால் மண்ணினுள் மாறுங் காந்தப் புலம் உண்டாகிறது. அங்கே உலோகம் கிடப்பின் அதனுள்ளும் சிறு மின்சுழல்கள் எழுந்து, தமக்கென ஒரு காந்தப் புலத்தைத் தோற்றுவிக்கின்றன. அதை இன்னொரு சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. தனிக் காசு ஒன்றாயின் பெரும்பாலும் ஓரடிக்குக் குறைந்த ஆழத்திலேதான் அகப்படும். இரும்பையும் ஏனைய உலோகங்களையும் இக்காலக் கருவிகள் ஓரளவு பிரித்தறியும். ஆயினும் பொன் மோதிரமும், சோடாத் தகரத்தின் அலுமினிய வளையமும் ஏறக்குறைய ஒரே குரலிற் பேசுவதால், இப்பொழுதுபோக்கில் இறங்கியவர் பொன்னைவிடக் குப்பையையே அதிகம் தோண்டுவர். காட்சிப் படங்களில் அப்பகுதியை வெட்டிவிடுகிறார்கள்.

இக்கருவியின் பிறப்பு பொன்னாசையால் நேர்ந்ததன்று. 1881இல் அமெரிக்க சனாதிபதி காபீல்ட் சுடப்பட்டபோது, உடலினுள்ளே தங்கிய குண்டைக் கண்டறிய, தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைக் கொண்டு முயன்று தோல்வியுற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்துப் படை அதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி அமைத்த கருவி, 1942இல் எல் அலமேன் களத்திலே கண்ணிவெடிகளை அகற்ற உதவிற்று. போருக்குப் பின்னரே அது பொழுதுபோக்காயிற்று. நம் வடபகுதி மக்களுக்கு அது காசு தேடும் கருவியாக அறிமுகமாகவில்லை. முகக்கவசம் தரித்து, முழந்தாளிட்டு, சாண் சாணாகக் கண்ணிவெடி தேடியவர்களின் கையிலேதான் நாம் அதைக் கண்டோம். ஒலி கேட்டதும் அவர்கள் ஆசையோடு தோண்டவில்லை. மூச்சை அடக்கி மண்ணை விலக்கினார்கள்.

இங்கிலாந்திலும் எல்லாரும் எரிக் லோஸ் அல்லர். 1980களில் சரே மாகாணத்து வான்பரோ என்னும் ஊரில், உரோமர் காலக் கோயிலொன்றின் நிலத்தை இருளிற் புகுந்து தோண்டி, ஆயிரக்கணக்கான காசுகளைக் கொள்ளையிட்டனர். பழைய சட்டம் அவர்களைத் தண்டிக்கப் போதவில்லை. 1996இல் புதிய புதையற் சட்டம் இயற்றப்பட்டதற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு காரணம். அடுத்த ஆண்டு, சட்டப்படி புதையல் எனக் கொள்ளப்படாத சிறு பொருள்களையும் விரும்பி வந்து பதியும் ஏற்பாடு தொடங்கியது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இதுவரை பதிவாகியுள்ளன. உழுபடையால் ஏற்கெனவே புரட்டப்பட்ட மேல்மண்ணிற் கிடப்பதை எடுத்துப் பதிவது நன்மையே என்பது அங்கு பலர் கருத்து. நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் உழவு தீண்டாத அடிமண்ணிற் கைவைப்பது வேறு காரியம்.

2015இல் லெம்ஸ்ற்றர் நகரின் அருகே இருவர் புதையலொன்றைக் கண்டனர். அதில் ஏறத்தாழ 300 காசுகள் இருந்தனவென்று கருதப்படுகிறது. அவர்கள் அறிவிக்காமல் இரகசியமாக விற்றார்கள். 2019இல் அவர்களுக்கு 10 ஆண்டும் எட்டரை ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. வழக்கு நடந்தபோது மீட்கப்பட்டிருந்தவை 31 காசுகள் மாத்திரமே. பின்னர் இன்னுஞ் சில அகப்பட்டன. அவற்றுள் அல்பிரட் மன்னரும் அண்டை நாட்டு அரசர் செயோல்வுல்பும் ஒரே வகைக் காசை வெளியிட்டமை காணப்படுகிறது. அல்பிரட்டின் நாட்டு வரலாற்றேடு செயோல்வுல்பை டேனியரின் கைப்பாவையாக இழித்துக் கூறுவது. காசோ இருவரும் கூட்டாளிகள் என்கிறது. சிதறிப்போன ஏனைய காசுகள் என்ன சொல்லியிருக்குமோ!

கதையைக் கேட்டு முடித்த மாணவன், “அப்படியானால் எங்கள் வளவில் தேடலாமா, கூடாதா?” என்று மீண்டும் கேட்டான். இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுதல் குற்றமாகும் என்றும், மண்ணுள் மறைந்திருக்கும் தொல்பொருள் அரசுக்குரியது என்றும் கூறினேன். அவன் முகம் வாடியது. தற்செயலாக அகப்பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு அறிவிக்க வேண்டும் என்றேன். எந்தப் பாத்தியில், எத்தனை சாண் ஆழத்தில், கூடவே ஓட்டுத்துண்டு ஏதும் கிடந்ததா என்று கேட்டபோது, கிணற்றுக்கு மேற்கே மூன்றாம் பாத்தி, முழங்கை ஆழம் என்றான். சிவப்பு ஓடுகளும் கிடந்தனவாம், அவற்றை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டானாம். மறுநாட் காலையில் அவற்றுட் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி, கழுவாமல், மண்ணோடு கொண்டுவந்தான்.

ஹொக்ஸன் கமக்காரரின் சுத்தியலும் பின்னர் அவ்வயலிலேயே அகப்பட்டது. நூதனசாலையார் அதையும் புதையலோடு வாங்கி வைத்திருக்கிறார்கள்.